மூலை சைட்டின் வெண்டைக்காய்

வடவள்ளி, கோவை
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். தங்கச்சியின் முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டித் தீர்த்திருப்பாய். மிச்சம் இருந்தால் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காக. பத்திரம் எழுதிய கை உனக்கு இன்னும் மறந்திருக்காது என்கிற நம்பிக்கையில் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

எங்கள் தெருவில் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து, அடுத்தவர் வீட்டுப் பின்புறங்களிலும் காலி சைட்டுகளிலும் காய்கறி போடுவதைப் பார்த்து, "பென்ஷன்காரர் பண்ணையம்" என்று சிரித்துவிட்டுப் போனாய் அல்லவா? அந்தப் பண்ணையத்துக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. மூலை சைட்டுக்காரர் பெங்களூரிலிருந்து தம் மைத்துனரோடு வந்து இறங்கினார். காய்த்து நின்ற வெண்டைப் பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பறித்து நீட்டிய காயை வாங்கி, நுனியை ஒடித்து, பிஞ்சுதான் என்று தலையை ஆட்டினார். பிறகு, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது சார், ஆடி பிறப்பதற்குள் காலி செய்து கொடுத்துவிடுங்கள்" என்றார். வீடு கட்டப்போகிறாரா என்றால் இல்லை. விற்கப்போகிறாரா என்றால் அதுவும் இல்லை. மைத்துனர் வாயைத் திறந்த பிறகுதான் சங்கதி விளங்கிற்று: பயிர் வைத்தவனுக்கு நாளைக்கு உரிமை வந்துவிடும், அப்புறம் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து, உடைந்த பாட்டிலும், இறுகிப்போன சிமெண்ட் மூட்டையும், ஓட்டுச் சில்லும் கிடந்த காலத்தில் அவருக்குத் தூக்கம் கெடவில்லை. மண்வெட்டி இறங்காத தரையைக் கடப்பாரையால் நெம்பி, ஜல்லியைச் சலித்தெடுத்து, தொழுவுரமும் பொள்ளாச்சியிலிருந்து வந்த மக்கிய நார்க்கழிவும் கொட்டி, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது அவருடைய பூர்வீகச் சொத்தாக அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் ஆற அமர யோசித்தால், அந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததில்லை. நம் தோட்டக்காரக் குடும்பங்களிலேயே வளர்ந்தது. உழுகிறவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்த 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவரை இரண்டு வெள்ளாமைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கவிடாதவர் உங்கள் அப்பாரு என்று நீயே சொல்லியிருக்கிறாய். துண்டுச் சீட்டில்கூட எழுத்து வைத்துக்கொள்ள மாட்டாராம். காகிதம் இல்லாமல் இருப்பதே அன்றைக்கு நிலத்துக்காரருக்குக் காவல். இன்றைக்கோ அந்தக் காகிதம் இல்லாததுதான் மூலை சைட்டுக்காரரை மிரட்டுகிறது. உழைத்தவனை ஏமாற்றுவதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த வழி, இரண்டு தலைமுறை கழித்து ஒரு வெண்டைப் பாத்தியின் குறுக்கே வந்து நிற்கிறது என்றால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

நான் புரிந்துகொண்ட மட்டில் சட்டம் இப்படி இருக்கிறது. தவறாக இருந்தால் திருத்து. குத்தகைதாரர் சட்டம் விவசாய நிலத்துக்கும் குத்தகை உடன்பாட்டுக்கும் உரியது. எங்களுடையது வீட்டுமனை, குத்தகைப் பணம் என்று ஒரு பைசாவும் கைமாறவில்லை. எதிரிடை அனுபோகம் என்று மைத்துனர் பயமுறுத்துகிறாரே, அதற்கு உரிமையாளருக்கு விரோதமாக 12 ஆண்டுகள் அனுபவித்திருக்க வேண்டும். அவருடைய அனுமதியோடு இருப்பவனுக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் அந்தப் பாத்தியம் வராது. ஆகவே "நான் அனுமதித்தேன்" என்று அவரே எழுதிக் கொடுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தில் வருகிற வெறும் அனுமதியாக அது இருக்கட்டும். வேண்டாம் என்றால் அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். குத்தகை, வாடகை என்ற சொற்கள் மருந்துக்கும் வேண்டாம். ஆனால் ஒரு ஷரத்து கட்டாயம் வேண்டும்: அனுமதியை ரத்து செய்தாலும் நிற்கிற வெள்ளாமையை எடுத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும். கீரைக்கு 25 நாள் போதும். கத்தரி நட்டால் காய்ப்புக்கு வரவே இரண்டு மாதம் ஆகும்; அதற்கு மேல்தானே பறிப்பு? இதை எழுதாமல் விட்டால் ஒவ்வொரு பட்டத்திலும் அரைக்காய்ப்பில் பிடுங்கி எறிய வேண்டியிருக்கும்.

கனடாவில் சஸ்கட்டூன் என்ற ஊரில் வாலி சாட்செவிச் என்பவர், ஊருக்கு வெளியே வைத்திருந்த நிலத்தை விட்டுவிட்டு, நகரத்து வீடுகளின் பின்புறங்களை வாடகைக்குப் பிடித்து, காய்கறி விற்றே பிழைத்துக் காட்டினார் என்று அம்மிணி படிக்க அனுப்பினாள். அங்கே அது பணம் கொடுத்து, கணக்கு எழுதிச் செய்கிற தொழில். நாங்கள் விற்பதில்லை, மூன்றில் ஒரு பங்கு இடத்துக்காரருக்கு, மீதி மண்ணில் இறங்கியவர்களுக்கு. இருந்தாலும் அவரிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு: சிரித்த முகத்தையும் நல்ல மனசையும் நம்பி மண்ணில் காசைப் போடக்கூடாது. நம் தெருவில் எல்லோரும் நல்லவர்கள்தான். மோட்டார் ஓடும் வரைக்கும்.

தண்ணீர்க் கணக்கைச் சொன்னால் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் கால் நனைத்து வளர்ந்த உனக்குப் புரியாது. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். வெயில் காலத்தில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் கொடுத்தாலும் 200 லிட்டர். மூடாக்கும் சொட்டுநீரும் போட்டுக் குறைத்தாலும், அந்த மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பது பெரிய விவகாரம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரருக்கு 100 யூனிட் இலவசத்திலேயே முடிந்துவிடும். எதிர்வீட்டில் ஏசி ஓடுகிறது; இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் தாவுகிறது, தாவியது உங்கள் பீர்க்கங்காயால்தான் என்று முறைக்கிறார்கள். துணை மீட்டர் வைத்துக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதாக அதையும் ஒரு ஷரத்தாக்கிவிடு. வாடை பற்றியும் எழுதலாமா? உங்கள் ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கிறோம். அதைப் பொறுத்துக்கொள்ளும் மாடி வீட்டுக்காரர், மீனை வெல்லத்தோடு ஊறவைத்த மீன் அமிலத்தைத் திறந்தால் ஜன்னலை அறைந்து சாத்துகிறார்.

மயில் தொல்லைக்கு எந்த ஷரத்தும் உதவாது. தக்காளியில் ஒரு பழத்தை முழுதாகத் தின்றாலும் மனசு ஆறும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கொத்து. விரட்டலாமே தவிர, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மருதமலை அடிவாரத்தில் முருகனுடைய வாகனத்தின் மேல் கல்லெடுக்க யாருக்குக் கை வரும்? பழைய சேலைகளைக் கட்டி மறைத்திருக்கிறோம். தெருவே சலவைக்காரர் துறை மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளை, இவ்வளவுக்கும் நான் மல்லுக்கட்டுவது காய்க்காக மட்டுமில்லை. மூன்றாம் வீட்டு அம்மாயியை உனக்கு நினைவிருக்கும், உனக்கு மோர் கொடுத்தவர். தோட்டத்தை விற்ற பணத்தில் மகன் கட்டிய வீட்டில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தே வருடங்களைக் கழித்தவர். இன்றைக்கு அவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. களைக்கொத்தை இடது கைக்கு மாற்றாமலே, வலது கையால் கொத்திக்கொண்டு இடது கையால் அருகம்புல்லின் வேரை நீளமாக உருவி எடுப்பார். எங்களில் ஒருவருக்கும் அது வரவில்லை, பாதியில் அறுந்துவிடுகிறது. அவரை விதையை என்னிடமிருந்து பிடுங்கி, "இத இப்ப போட்டா கொடிதான் ஓடும் கண்ணு, காய் பனிக்குத்தான் புடிக்கும்" என்றார். மூலை சைட்டுக்காரர் வந்து போனதைக் கேட்டதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பாத்திக்கு வரவும் இல்லை. நான் போய்க் கூப்பிட்டதற்கு, "வித்த காட்டுல இருந்து ஒருக்கா எறங்கியாச்சு, மறுக்கா எறங்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல சாமி" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், வரைவை ஆடி பிறப்பதற்குள் அனுப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நீ எழுதினால் "நாளது தேதியில்" என்று தொடங்கி நான்கெல்லை சொல்வதற்குள் வெண்டை முற்றிவிடும். வெள்ளைத்தாள் போதுமா, முத்திரைத்தாள் வேண்டுமா என்பதையும் குறிப்பிடு. மைத்துனர் படித்துப் பார்ப்பார்; ஆகவே அவரைப் பயமுறுத்தும் அளவுக்கு ஓரிரண்டு சட்டப் பிரிவு எண்கள் இருக்கட்டும். கையெழுத்து வாங்கும் அன்று நீயும் கூட இருந்தால் நல்லது. வரும்போது வாழைத்தார் வேண்டாம், வேப்பம் புண்ணாக்கு ஒரு மூட்டை கொண்டுவா. சத்தி பஸ்ஸில் மட்டும் ஏறாதே, காரணம் உனக்கே தெரியும்.

அன்புடன்,
உன் மச்சான்