சில்லில் நிற்கும் வீட்டுக்கும் ஒரு விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பழைய பஸ்ஸையோ வானையோ வாங்கி, உள்ளே கட்டிலும் குசினியும் போட்டு, அதிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பது பற்றி எங்கள் உள்ளூராட்சி சபைகள் ஒரு தெளிவான விதி எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வெளிநாட்டுப் பயணிகளை நான் சொல்லவில்லை, அவர்கள் சித்திரையில் வந்து புரட்டாசிக்குள் போய்விடுவார்கள். நான் சொல்வது ஊர்ப் பிள்ளைகளை.

என் மருமகன், அதாவது அக்காவின் மகன், மனைவியோடும் சின்ன மகளோடும் அப்படித்தான் இருக்கிறான். வீடு தங்கைக்குச் சீதனமாகப் போனது, கிழக்கில் அது வழமைதான், அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மிஞ்சியது எங்கள் அம்மாவின் வளவில் ஒரு மூலை. சீமெந்தும் கம்பியும் விற்கிற விலையில் கல்வீடு இப்போதைக்கு நடக்காது என்று கண்டு, ஓடித் தேய்ந்த ஒரு 'ரோசா' ரகச் சின்ன பஸ்ஸை வாங்கிக் கராஜில் கொடுத்துக் கரவன், அதாவது சில்லில் நிற்கும் வீடு, ஆக்கிவிட்டான். குடும்பக் காணி, சொந்தக் காசு, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் அலுவலகத்துக்குப் போனால் ஒரு மேசையில் "இது வாகனம், எங்களிடம் அனுமதி எடுக்கத் தேவையில்லை" என்கிறார்கள், அடுத்த மேசையில் "அனுமதியில்லாத கட்டிடம், அகற்றுங்கோ" என்கிறார்கள். வதிவிடக் கடிதம் கேட்ட இடத்தில் "சில்லில் நிற்கிறதுக்கு என்னெண்டு தம்பி இலக்கம் போடுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த உத்தியோகத்தர்களை நான் குறை சொல்லவில்லை, பார்த்துச் சொல்ல அவர்கள் கையில் ஒரு தாள் இல்லை.

எங்கள் கட்டிட விதிகளின் அடித்தளம் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். வரைபடம் கொடு, அனுமதி எடு, கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்கு என்பதுதான் அதன் ஒழுங்கு. அத்திவாரமே இல்லாத ஒன்றை இந்த ஒழுங்குக்குள் எங்கே வைப்பது? சோலைவரி (சபைக்குக் கட்டும் வீட்டு வரி) இலக்கம் இல்லாவிட்டால் தண்ணீர், மின்சார இணைப்புக்கு அலைய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் இல்லாவிட்டால் அடையாள அட்டை விலாசம், வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் முதலாம் வகுப்பு அனுமதி என்று எல்லாம் வரிசையாகத் தடைப்படும். இதுதான் பெரிய அடி, பஸ்ஸுக்குள் வெக்கையாக இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை.

மற்ற நாடுகளில் இதை எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1960இலேயே கரவன் தரிப்பிடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. கரவன் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டத்திலும், எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வரைவிலக்கணமே இருக்கிறது. அங்கே விடுமுறைக்கு மட்டும் என்று உரிமம் பெற்ற தரிப்பிடம் வேறு, வருடம் முழுக்கக் குடியிருக்கும் தரிப்பிடம் வேறு, அந்த வித்தியாசம் தெரியாமல் விடுமுறைத் தரிப்பிடத்தில் கரவன் வாங்கி, பிறகு அதில் நிரந்தரமாக இருக்க முடியாது என்று தெரிந்து தவிப்பவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் விதிதான் எங்களுக்குக் கிட்டவாக வருகிறது. வீடு இருக்கும் வளவில் ஒரு கரவனை, காணிக்காரரோ அவருடைய வீட்டு ஆட்களோ குடியிருப்பதற்காக, பாதுகாப்பாகவும் சுகாதாரமாகவும் வைத்திருந்தால் சபையின் அனுமதி இல்லாமலே நிறுத்தலாம். மற்றபடி என்றால் ஒரு முறைக்கு 2 நாள், வருடத்துக்கு 60 நாள் என்று கணக்கு. எவ்வளவு சுருக்கம் பாருங்கள்.

அதற்காக அதை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. எங்கள் மண் வேறு. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை மணல், நல்ல தண்ணீர் அந்த மணலுக்குள் மேலோட்டமாக, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. அதில் ஊற்றுவது எதுவும் அயலவரின் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. ஆகவே மலக்கழிவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரவனுக்குள் இருக்கும் சின்ன மலசலகூடத் தொட்டியை இருட்டிய பிறகு பற்றைக்குள் கவிழ்ப்பதற்கு யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது, அதில் போடும் இரசாயனத் திரவம் சில வகைகளில் சாதாரண மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும், பிறகு அந்தக் குழியும் வேலை செய்யாது. வளவில் முறையான குழியோடு இணைத்திருக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், மழைக்கு முன் இன்னொரு முறை பார்க்க வேண்டும். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கும் இதே கவனம்தான்.

கடற்கரைக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்கு மட்டும் அல்ல, கழிவு கொட்டுவதற்கும் அனுமதி வேண்டும். சில்லு இருக்கிறது என்று சொல்லி அதைத் தாண்டப் பார்ப்பவர்களை இப்போதே நிறுத்த வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் என்று கோடு போட்டு, பிறகு தளர்த்தினார்கள், அதற்கிடையில் எங்கள் சனம் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் மாரி மழையோடு கிடந்தது. விதியை அவசரத்தில் எழுதினால் அப்படித்தான் வரும், அதனால்தான் இப்போது ஆறுதலாக எழுதச் சொல்கிறேன். 1964 டிசம்பர் புயல் திருகோணமலையையும் தாக்கியது, அப்படி ஒரு காற்றில் பாரமில்லாத கரவன் நிற்காது. நிலத்தோடு கட்டிப் பிணைப்பது, காஸ் சிலிண்டரை வெளியே காற்றோட்டமாக வைப்பது, புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போவது என்பதெல்லாம் அந்த விதியில் இருக்க வேண்டும்.

இதைத் திறந்துவிட்டால் விடுதிக்காரர்கள் கரையோரம் பத்து வண்டி நிறுத்தி வாடகைக்கு விடுவார்கள் என்று ஒரு நண்பர் பயப்படுகிறார். நியாயமான பயம். அதற்குத்தான் ஒரு வளவுக்கு ஒன்று, குடும்பத்துக்கு மட்டும் என்று எழுத வேண்டும், வாடகைக்கு விடுவது என்றால் அது வியாபாரம், வேறு உரிமம், வேறு கட்டணம், வேறு பரிசோதனை.

'பட்டினமும் சூழலும்' என்ற பெயருள்ள எங்கள் பிரதேச சபையும் குச்சவெளிப் பிரதேச சபையும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தங்களுக்குரிய உபவிதிகளை ஆக்கலாம். உறுப்பினர்கள் யாராவது ஒருவர் இதைப் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். உபவிதி வர்த்தமானியில் வரக் காலம் எடுக்கும் என்பது எனக்கும் விளங்குகிறது. சரி, அதுவரைக்கும் காணி உறுதியின் பிரதி, காணிக்காரரின் சம்மதக் கடிதம், பி.எச்.ஐ.யின் அறிக்கை இந்த மூன்றையும் வைத்து வதிவிடக் கடிதம் கொடுக்கும்படி பிரதேச செயலகம் கிராம உத்தியோகத்தர்களுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பலாமே. மருமகனின் மகளுக்கு முதலாம் வகுப்பு விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது, அந்தத் திகதிக்கு முன் பதில் வந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர் ஒருவர்