மேயர் சத்தியமூர்த்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீரர் சத்தியமூர்த்தி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருமயத்தில் பிறந்தது, வக்கீலானது, மேடைப் பேச்சு, நாடகப் பித்து, காமராஜருக்குக் குருவாக இருந்தது என்று எல்லாம் விரிவாக வந்திருக்கிறது. சரி. மேயர் பதவிக்கு மட்டும் ஒரே வரி கொடுத்து நகர்ந்துவிட்டீர்களே! கொருக்குப்பேட்டையில் இருந்துகொண்டு அதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. எங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கும் அந்தப் பதவிக்கும் சம்பந்தம் உண்டு.

அவர் மேயரானது 1939-ல். அன்றைக்கு மேயர் நாற்காலி ஒரு வருஷத்துக்குத்தான். உட்கார்ந்து பழகுவதற்குள் எழுந்துவிட வேண்டும். செப்டம்பரில் உலக யுத்தம் ஆரம்பித்தது. அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. கோட்டையில் சொந்தக் கட்சி இல்லை, கவர்னர் ஆட்சி. ஊரிலோ தண்ணீர்த் தட்டுப்பாடு. யுத்தச் செலவைக் காட்டி "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல வெள்ளைக்காரனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஆனால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் வேலையை விடாமல் வாதாடி நகர்த்தினார். வாய்தா வாங்கியே காலம் தள்ளும் வக்கீல்களைப் பார்த்தவன் நான். இவர் அந்த ரகமில்லை. 1940-ல் பூண்டியில் அடிக்கல் விழுந்தது.

அணை முடிந்தது 1944-ல். அதற்கு முந்தைய வருஷம் மார்ச் மாதமே அவர் காலமாகிவிட்டார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகிச் சிறையில் கெட்ட உடம்பு தேறவே இல்லை. இன்று அந்த நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான். அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம், அப்புறம் புழல் என்று தண்ணீர் வருகிறது. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீரும் முதலில் பூண்டிக்குத்தான் வந்து சேர்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் போட்டு லாரிக்குக் காத்திருந்தபோது பூண்டியின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

மறுபக்கமும் உண்டு, மறைப்பானேன். மழைக்காலத்தில் பூண்டியைத் திறந்தால் அதே கொசஸ்தலை எண்ணூர் வரை ஓடிவருகிறது. 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததே! ஆற்றங்கரையில் வீடு கட்ட விட்டது பின்னால் வந்தவர்கள் வேலை, அதை அவர் தலையில் கட்ட முடியாது.

2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தோம். மாநகராட்சிப் பதவி என்றால் சின்னப் பதவி என்று பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது போலும். அந்த ஒரு வருஷம் மாமன்றத்தில் அவர் என்ன பேசினார், யார் எதிர்த்தார்கள், பணத்துக்கு என்ன வழி செய்தார் என்று ரிப்பன் மாளிகையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்த்து யாரையாவது எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.