என் தம்பிக்காக நின்றவர்களுக்கு நன்றி

வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் மக்களுக்கும், உயர் நீதிமன்றத்தில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

சிறையில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள நிலைமை குறித்து உயர் நீதிமன்றத்தில் உரிமை கேட்டுப் போட்ட ரிட் மனுவில் உத்தரவு வந்துவிட்டது. சர்க்கரை நோயாளி அவன். காலில் புண் வைத்து, நடக்க முடியாமல் கிடந்தவனை இப்போது ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இன்சுலின் வேளாவேளைக்குக் கிடைக்கிறது. அவன் இருந்த பிளாக்கில் கழிப்பறைகளைச் சரிசெய்து, தண்ணீர் ஒழுங்காக விடச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம்.

முதல் நன்றி உள்ளே இருப்பவர்களுக்குத்தான். தம்பி மனுவில் எழுதியது அத்தனையும் உண்மை என்று சிலர் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே இருக்கிற நாங்கள் என்ன வேண்டுமானாலும் பேசலாம். போட்ட கையோடு அதே பிளாக்குக்குத் திரும்பி, மறுநாள் காலை அதே வார்டர் முன்னால் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். பெயர் எழுத முடியாது. சிறைக்குத் தம்பியைப் பார்க்கப் போகும்போது அவர்கள் வீட்டுப் பெண்களைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

வக்கீல் அம்மா சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாக வந்தவர். ஒரு ரூபாய் வாங்கவில்லை. காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருப்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, சக கைதி சித்திரவதைப்பட்டதைக் கடிதமாக எழுத, அதையே மனுவாக எடுத்து 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கதையையும் சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் தம்பி பேனாவை எடுத்தான்.

காகிதங்களுக்குக் காசு வாங்காத ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், கோர்ட்டுக்குப் போன நாளெல்லாம் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

"ஒண்ணும் செய்யாமலா உள்ளே போனான்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவன் விசாரணைக் கைதி. குற்றம் செய்தானா இல்லையா என்பதை அந்த வழக்கு நடக்கும் கோர்ட் பார்த்துக்கொள்ளும். புண்ணுக்கு மருந்து கேட்க அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

நம் பகுதியில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் அலுவலகத்துக்கே போங்கள். வழி தெரியாதவர்களை நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து ஓர் அக்கா