சென்டர் சேனலைத் தொலைத்துவிட்ட உங்கள் டிவி பாக்ஸ்: குறைதீர் அதிகாரிக்குப் புகார்

பெறுநர்
குறைதீர் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு ஸ்ட்ரீமிங் பாக்ஸில் 5.1 ஒலி வராதது, வசனம் கேட்காதது, குறையைத் தீர்க்காமலே புகாரை மூடியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று உங்களிடமிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. எதுவும் தீரவில்லை. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். பேசிய ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இதை விவரம் தெரிந்த ஒருவர் கடைசிவரை படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பாக்ஸ் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது. டிவியின் ஏஆர்சி போர்ட்டிலிருந்து, அதாவது டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து, 5.1 சவுண்ட்பாருக்கு ஒரு கேபிள் போகிறது. 5.1 என்றால் முன் இடது, முன் வலது, நடுவில் சென்டர், பின் இடது, பின் வலது என்று ஐந்து சேனல், கூடவே அடித்தொனிக்கு எல்எஃப்இ என்று ஒன்று. கடைசி அப்டேட் ஏறும்வரை ஓடிடியில் படம் போட்டால் சவுண்ட்பாரின் முகப்பில் 'டால்பி ஆடியோ' என்று வரும். இப்போது 'பிசிஎம்' என்று வருகிறது, அதாவது டால்பி இல்லாத சாதாரண ஒலி, அதுவும் இரண்டே சேனல். 5.1 போனது ஒரு பக்கம் இருக்கட்டும், வசனமே கேட்பதில்லை. மழை கேட்கிறது, செருப்புச் சத்தம் கேட்கிறது, பின்னணி இசை ஜன்னலை அதிர வைக்கிறது. மனிதர்கள் பேசுவது மட்டும் எதிரொலி போல லேசாக வந்து போகிறது. ஒலியை ஏற்றினால் அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டார் வந்து நிற்கிறார்கள்.

இதன் காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது. 5.1 ஒலியில் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் சேனலில்தான் இருக்கும். அதை இரண்டு சேனல் ஸ்டீரியோவாகக் குறைக்கும்போது (இதைத்தான் டவுன்மிக்ஸ் என்பார்கள்) சென்டரை 3 டெசிபல் தணித்து, அதாவது 0.707 மடங்காக்கி, இடது வலது இரண்டிலும் கலக்க வேண்டும். பின்பக்க சேனல்களையும் அதேபோலத் தணித்து அந்தந்தப் பக்கத்தில் கலக்க வேண்டும். உங்கள் பாக்ஸ் கலப்பதே இல்லை. முன் இடதையும் முன் வலதையும் மட்டும் அனுப்பிவிட்டு மற்றதைத் தூக்கி எறிகிறது. ஊகத்தில் சொல்லவில்லை. சேனல் பெயரைச் சொல்லும் 5.1 சோதனை ஃபைலை பென்டிரைவில் போட்டு பாக்ஸில் ஓட்டிப் பாருங்கள். இடது, வலது இரண்டும் தெளிவாகக் கேட்கும். சென்டர் வரும் இடத்தில் நிசப்தம். பின் இடது, பின் வலதுக்கும் நிசப்தம். எல்எஃப்இ வராததை நான் குறையாகச் சொல்லவில்லை, ஸ்டீரியோவாகக் குறைக்கும்போது அதை விட்டுவிடுவது வழக்கம்தான். சென்டரை விட்டுவிட எந்த வழக்கமும் கிடையாது.

செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியில் 'சரவுண்ட் சவுண்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறதே, ஆட்டோ, வேண்டாம், மேனுவல் என்று மூன்று நிலை, அதை வைத்தே குறை எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். 'வேண்டாம்' என்று வைத்தால், 5.1 தேவையில்லை என்று பாக்ஸ் ஓடிடி செயலியிடம் (ஆப்) சொல்லிவிடுகிறது, செயலி ஸ்டீரியோவையே அனுப்புகிறது, வசனம் ஒழுங்காகக் கேட்கிறது. 'மேனுவல்' வைத்து டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற இரண்டு ஒலி வடிவங்களையும் டிக் செய்தால் சவுண்ட்பாரில் 'டால்பி ஆடியோ' வந்துவிடுகிறது, 5.1 முழுதாகக் கேட்கிறது. 'ஆட்டோ'வில் மட்டும்தான் இந்தக் கூத்து. செயலியிடம் "5.1 அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது, படத்தின் விவரத்தில் 5.1 அடையாளம்கூட வருகிறது, வெளியே தருவது ஊனமான இரண்டு சேனல். ஆக உள்ளே இருக்கும் சில்லு நன்றாக இருக்கிறது, மென்பொருள்தான் கெட்டிருக்கிறது.

அப்படியானால் மேனுவலிலேயே வைத்துக்கொள்ளுங்களேன் என்பீர்கள். உங்கள் ஆள் ஒருவர் அதையும் சொன்னார். ஸ்டாண்ட்பை போய்த் திரும்பினால் அது மறுபடி ஆட்டோவுக்கு ஓடிவிடுகிறது. டிவியில் வேறு இன்புட் போய் வந்தாலும் ஓடுகிறது. எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் ஓடுகிறது. எச்டிஎம்ஐ தொடர்பு புதிதாகப் பிடிக்கும்போதெல்லாம் டிவியின் ஈடிஐடி தகவலை (எந்தெந்த வடிவங்களை ஏற்கும் என்று டிவி சொல்லும் பட்டியல்) படித்து, பயனர் சேமித்த தேர்வின் மேலேயே எழுதிவிடுகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸுக்குள் போய் டிக் செய்ய வயதானவர்களால் முடியுமா? எங்கள் வீட்டில் பகலில் டிவி பார்ப்பவர் எழுபது தாண்டிய என் மாமியார். அவர் இப்போது டிவி பக்கமே போவதில்லை. ஒரு குடும்பத்தின் பொழுதையே உங்கள் அப்டேட் பறித்துவிட்டது என்றால் அது மிகையில்லை.

இனி உங்கள் கால்சென்டருக்கு வருகிறேன். எல்லோரையும் குறை சொல்லவில்லை, இரண்டு பேர் தன்மையாகவே பேசினார்கள். ஆனால் 'சீனியர்' என்று சொல்லி இணைத்த ஒருவர், நான் ஈடிஐடி, டவுன்மிக்ஸ் என்று சொல்ல ஆரம்பித்ததுமே இடைமறித்து, "மேடம், வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள். பாக்ஸை வாங்கியது நான், மாட்டியது நான், பில் என் பெயரில். இந்த வார்த்தைக்கு எழுத்துப்பூர்வமான மன்னிப்பு வந்தாக வேண்டும், இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

அந்த சீனியர் சொன்ன தீர்வுகளையும் கேளுங்கள். முதலில் கேபிள். "8கே கேபிள் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்." 5.1-ஐவிட மேம்பட்ட டால்பி வகையான அட்மாஸ் ஒலியே நெட்ஃபிளிக்ஸில் விநாடிக்கு அதிகபட்சம் 768 கிலோபிட்தான். சாதாரண ஹைஸ்பீட் எச்டிஎம்ஐ கேபிள் 10.2 கிகாபிட் தாங்கும். கேபிள் போதாது என்றால் முதலில் படம் விட்டு விட்டு வரும், புள்ளி அடிக்கும், கறுப்பாகும். படம் பளிச்சென்று இருக்கும்போது சென்டர் சேனல் மட்டும் கேபிளில் சிக்கிக்கொள்ளாது. இருந்தும் வாங்கினேன். வாங்காவிட்டால் புகாரை மேலே அனுப்ப முடியாது என்றார்கள். பல் வலி என்று போனவரிடம் முழங்காலுக்குத் தைலம் எழுதிக் கொடுத்த கதை இது. அந்த கேபிள் காசு எனக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து, "உங்க டிவியில ஈ-ஏஆர்சி இல்ல, அதான்." ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈ-ஏஆர்சி 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்தது. ட்ரூஎச்டி, பல சேனல் பிசிஎம் போன்ற கனமான ஒலிக்குத்தான் அது தேவை. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த சாதாரண ஏஆர்சியிலேயே டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும், என் டிவியில் போகிறது. அதே டிவிக்குள் இருக்கும் செயலியில் அதே படத்தை ஓட்டினால், அதே ஏஆர்சி, அதே கேபிள், சவுண்ட்பாரில் 'டால்பி ஆடியோ' வருகிறதே! பாக்ஸை டிவி வழியாக இல்லாமல் சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் நேரடியாகச் செருகியும் பார்த்தாயிற்று. ஆட்டோவில் அங்கேயும் பிசிஎம்தான். அப்புறம் டிவியை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

அதற்கும் மேலே போய், "அப்போ ஆப்டிக்கல்ல போடுங்க, அட்மாஸே வரும்" என்றார். ஆப்டிக்கல் கேபிளில் இரண்டு சேனல் பிசிஎம், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் அளவுக்குத்தான் போகும். ஓடிடி அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸில் வருவது, அது ஆப்டிக்கலில் போகவே போகாது. பாக்ஸ் அதை டால்பி டிஜிட்டலாக மாற்றித் தந்தால் 5.1 கிடைக்கும், அட்மாஸ் கிடைக்காது. சொந்தப் பொருளைப் பற்றி இவ்வளவுகூடத் தெரியாதவரைத்தான் சீனியர் என்று உட்கார வைத்திருக்கிறீர்களா? அவர்தான் என்னிடம் ஜென்ட்ஸைக் கூப்பிடச் சொன்னவர்.

உதட்டசைவுக் குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டியது. ஆட்டோவில் ஒலி படத்துக்குப் பின்னால் வருகிறது. திரை மின்னும்போதே 'பீப்' கேட்க வேண்டிய சோதனை வீடியோவை, விநாடிக்கு 60 ஃபிரேமில் போனில் படம்பிடித்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், மின்னலுக்கும் பீப்புக்கும் இடையே 12 ஃபிரேம். ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி, ஆக 200 மில்லிவிநாடி. ஒளிபரப்புக்கான ஐடியு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை பிடி.1359, ஒலி 185 மில்லிவிநாடி பிந்தினாலே ஏற்க முடியாத எல்லை என்கிறது. இதற்கு உங்கள் ஆள் சொன்னது, டிவியில் கேம் மோட் போடுங்கள் என்று. கேம் மோடில் படம் இன்னும் சீக்கிரம் வரும், இடைவெளி கூடும். சவுண்ட்பாரில் இருக்கும் 'சிங்க்' அமைப்பு ஒலியை இன்னும் தாமதப்படுத்தத்தான் செய்யும், முன்னே இழுக்காது. பாக்ஸில் சரிசெய்தால்தான் உண்டு.

சர்வீஸ் சென்டர் விஷயம் இன்னும் மோசம். கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்றார்கள். பாக்ஸ், அடாப்டர், ரிமோட், கேபிள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறி வந்து, டோக்கன் போட்டு, சாப்பாட்டு நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தால், அங்கே சவுண்ட்பாரும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. மேஜை ஓரத்தில் ஒரு சின்ன டிவி. டெக்னீஷியன் தம்பி அதில் பாக்ஸை மாட்டி யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டார். "சவுண்ட் வருதேக்கா" என்றார். யூடியூப் பாட்டு ஸ்டீரியோ, அதில் தொலைந்துபோக சென்டரே கிடையாது. என் பென்டிரைவைக் கொடுத்து இதைப் போடுங்கள் என்றேன். வெளி பென்டிரைவ் போட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, ஜாப் ஷீட்டில் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்த்தார். நான் போடவில்லை. அந்த 'குறை இல்லை'யைக் காட்டித்தான் இப்போது புகாரை மூடியிருக்கிறீர்கள். சோதனை செய்யும் கருவியே இல்லாத இடத்துக்கு எதற்காக என்னை வரச் சொன்னீர்கள்? ஒரு நாள் கூலி, பஸ் காசு எல்லாம் யார் கணக்கு?

வேறு பாக்ஸ் மாற்றித் தருகிறோம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அதே மாடல், அதே அப்டேட் என்றால் அதிலும் இதே குறைதான். எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் உங்கள் பாக்ஸ் இருக்கிறது. அப்டேட் ஏறாமல் இருந்தவரை, என் டிவியில் என் கேபிளில் மாட்டினாலும் ஆட்டோவிலேயே டால்பி வந்தது. அவர்கள் அப்டேட்டை ஏற்றிய பிறகு அவர்கள் வீட்டிலும் வசனம் போயிற்று. ஃபேக்டரி ரீசெட், மூன்று கருவியையும் பிளக்கோடு பிடுங்கிவிட்டு டிவி, சவுண்ட்பார், பாக்ஸ் என்ற வரிசையில் போடுவது, ஒரே ரிமோட்டில் எல்லாக் கருவியையும் இயக்க உதவும் சிஇசி-யை அணைத்துப் போடுவது, டிவியின் ஒலி வெளியீட்டை 'பாஸ் த்ரூ' (வந்த ஒலியை மாற்றாமல் கடத்துவது) ஆக்குவது, எல்லாம் செய்தாயிற்று. தயவுசெய்து இவற்றை மறுபடி செய்யச் சொல்லி யாரும் போன் செய்ய வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். மூடிய புகாரைத் திறந்து மென்பொருள் பிரிவுக்கு அனுப்புங்கள். ஆட்டோவில் ஈடிஐடி சொல்லும் வடிவத்தை அப்படியே அனுப்பும்படியும், ஸ்டீரியோவாகக் குறைத்தால் சென்டரைக் கலக்கும்படியும், மேனுவல் தேர்வு ஸ்டாண்ட்பைக்குப் பிறகும் நிலைக்கும்படியும் திருத்திய அப்டேட் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதித் தாருங்கள். அதுவரை பழைய பதிப்புக்குத் திரும்ப வழி செய்யுங்கள். இரண்டும் முடியாது என்றால் பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும், கேபிள் காசையும், திருச்சி வந்துபோன செலவையும் கொடுங்கள். இந்தப் பாக்ஸை நம்பித்தான் முப்பதாயிரம் ரூபாய்க்கு சவுண்ட்பார் வாங்கினேன். அது இன்று மூலையில் கிடக்கும் வெறும் கட்டை.

சண்டை போடுவது என் நோக்கமில்லை. பொருள் நல்ல பொருள், அப்டேட்டுக்கு முன் அதன் ஒலியை நாலு பேரிடம் சிபாரிசு செய்தவள் நான். ஆனால் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் பதில் சொல்ல இங்கே வர வேண்டியிருக்கும். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அட்டைப் பெட்டியில் 'டால்பி ஆடியோ' என்று அச்சடித்துவிட்டு ஆட்டோவில் அதைத் தராமல் இருப்பது தவறான விளம்பரம் ஆகுமா இல்லையா என்பதை ஆணையமே சொல்லட்டும்.

பில் நகல், மூன்று நிலைகளிலும் சவுண்ட்பார் முகப்பைக் காட்டும் வீடியோ, சென்டர் வராத சோதனைப் பதிவு, நான் கையெழுத்திடாத ஜாப் ஷீட்டின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால், 5.1 என்றால் என்ன என்று தெரிந்தவராக அனுப்புங்கள். சோதனை ஃபைலும் சவுண்ட்பாரும் இங்கே தயாராக இருக்கின்றன, பத்து நிமிடத்தில் காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மணப்பாறை.