அந்த பிரஷ்ஷ தூக்கிப் போட்டுடாத பாப்பா

பாப்பா,

நேத்து போன்ல நீ அவசரத்துல இருந்த, நான் சொல்ல வந்தது பாதியிலயே நின்னுடுச்சு, அதான் உக்காந்து எழுதுறேன். பாட்டியோட பெட்டிய காலி பண்ணப்போறேன்னு சொன்னியே, "பழைய சீட்டுக்கட்டு, ரெண்டு டப்பா, ஒரு தேஞ்ச துணி தேய்க்கிற பிரஷ், இதெல்லாம் குப்பைதானப்பா"ன்னு. சீட்டுக்கட்டு குப்பை இல்லன்னு உனக்கே தெரியும், சும்மா கேட்டிருப்ப. ஆனா அந்த பிரஷ் இருக்கே, அதத்தான் நீ மொத வேலையா தூக்கிப் போடுவ, எனக்கு நல்லா தெரியும். போடாத.

அது துணி தேய்க்கிற பிரஷ்தான், வாங்கினது அதுக்குத்தான். ஆனா பாட்டிக்கு பக்கவாதம் வந்து இடது கை வராம போனப்புறம் அந்த பிரஷ் ஒரு துணியக்கூட பாத்ததில்ல. கட்டையை கீழ வச்சு முள்ளு மேல பாக்குற மாதிரி டேபிள்ல கவுத்துப் போட்டு, அந்த முள்ளுக்கு நடுவுல 13 சீட்டையும் ஒன்னு ஒன்னா சொருகி நிக்க வச்சுத்தான் ரம்மி ஆடுவாங்க. உனக்கு அப்ப அஞ்சு ஆறு வயசு, ஞாபகம் இருக்கோ என்னமோ. வலது கையால சீட்ட எடுப்பாங்க, சொருகுவாங்க, வேண்டாதத புடுங்கி கீழ போடுவாங்க. பிடிக்கிற வேலை பிரஷ்ஷோடது, ஆடுற வேலை அவங்களோடது. இது யாரோ சொல்லிக்குடுத்து செஞ்சதில்ல, ஒருநாள் கை நழுவி எல்லா சீட்டும் மல்லாக்க விழுந்து எல்லாரும் பாத்துட்டாங்கன்னு கோவத்துல எழுந்து போனாங்க, கொஞ்ச நேரத்துல இந்த பிரஷ்ஷோட திரும்பி வந்தாங்க. நான் ஏதோ பாட்டி புதுசா கண்டுபிடிச்சாங்கன்னு ரொம்ப நாள் பெருமையா சொல்லிட்டிருந்தேன், அப்புறம் பாத்தா உலகத்துல பல பேர் இதே வேலைய பண்ணியிருக்காங்க, கை நடுங்குறவங்க, மூட்டுவாதத்துல விரல் மடங்காதவங்க, எல்லாருக்கும் கையில கிடைச்சது பிரஷ்தான்.

இது ஏன் இப்ப இவ்ளோ முக்கியமா போச்சுன்னு கேப்ப. நான் ரிட்டயர் ஆனப்புறம் போயிட்டிருக்கேனே அந்த ஊர் வரலாற்று சேகரிப்பு, அங்க போன மாசம் ஒரு அட்டைப்பெட்டிய என்கிட்ட தள்ளிவிட்டாங்க, "சார் இதுல விளையாட்டு சாமான் இருக்கு, லிஸ்ட் போட்டுடுங்க"ன்னு. உள்ள ஒரு மரச்சாமான். லேசா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, ஒன்னரை ஜாண் நீளம், மேல ரம்பத்தால இழுத்த மாதிரி ரெண்டு வரிசை காடி, அடியில பச்சை கம்பளித்துணி ஒட்டியிருக்கு. அதோட லேபிள்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, "கடிதம் செருகும் ஸ்டாண்ட்". அதை யார் எப்ப எழுதினாங்களோ, அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க.

நான் ஒரு கவர எடுத்து சொருகிப் பாத்தேன். காடி அரை விரல் ஆழம்கூட இல்ல, கவர் நிக்காம தலகுப்புற விழுது. அதோட காடி நேரா இறங்கல, சாய்ச்சு அறுத்திருக்கு. கடிதத்துக்கு எதுக்குடா சாய்வுன்னு யோசிச்சுக்கிட்டே அதே பெட்டியில கிடந்த ஒரு சீட்ட எடுத்து வச்சேன். டக்குன்னு நின்னுச்சு. என் பக்கமா எனக்கு மட்டும் முகத்த காட்டிக்கிட்டு. எதிர்ல நின்ன பையனுக்கு முதுகுதான் தெரியுது. அப்பத்தான் எனக்கு நம்ம வீட்டு பிரஷ் கண்ணு முன்னாடி வந்துச்சு, உண்மைய சொல்றேன் அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

சாய்வு எதுக்குன்னா அடுத்தவன் எட்டிப் பாக்காம இருக்க, வளைவு எதுக்குன்னா சீட்டு விசிறி மாதிரி விரிஞ்சு நிக்க, அடியில கம்பளி எதுக்குன்னா ஒத்த கையால புடுங்கும்போது ஸ்டாண்டும் கூடவே நகர்ந்து வந்துடாம இருக்க. செஞ்சவன் ஒத்த கையால ஆடுற ஒருத்தர பக்கத்துல உக்காந்து பாத்திருக்கணும், இல்ல அவனே ஆடியிருக்கணும். இடது ஓரத்துல மட்டும் வார்னிஷ் சுத்தமா போயிருக்கு. அது ஏன்னு நானே முடிவு பண்ணி எழுதிடலாமான்னு கை பரபரத்துச்சு, எழுதல. "இடது ஓரம் தேய்மானம்", அவ்ளோதான் எழுதினேன். குடுத்தவங்க பேரே இல்லாத பெட்டி, யாருகிட்ட போய் கேக்குறது சொல்லு.

இதுல இன்னொரு தினுசு உண்டு, ரெண்டு வட்டத்தட்டு, நடுவுல ஒரு ஆணி அடிச்சு சேத்திருக்கும், அந்த இடுக்குல சீட்ட சொருகி கையில விசிறியா பிடிச்சுக்கலாம். சின்னப் பசங்களுக்கு 13 சீட்டு கையில அடங்காதுல்ல, அவங்களுக்கும் இது ஆகும். போர்ல ஒரு கை போனவங்களுக்காகவும் இந்த மாதிரி ஹோல்டர் செஞ்சிருக்காங்க. இந்த வட்டத்தட்ட பாத்தா எதுக்குன்னே புரியாது, ஏதோ டப்பா மூடின்னுதான் எழுதி வச்சிருப்பாங்க.

அந்தப் பெட்டியில இருந்த மத்த சாமானுக்கும் இதே கதிதான். வரிசை வரிசையா ஓட்டை போட்ட ஒரு பலகை, "ஓட்டைப் பலகை"ன்னே எழுதியிருந்தாங்க, பாவம். அது கிரிபேஜ்ங்கிற சீட்டாட்டத்துக்கு பாயின்ட் எண்ணுற பலகை. 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் சக்லிங்னு ஒரு கவிஞர் உண்டாக்கின ஆட்டம்னு சொல்லுவாங்க, 121 பாயின்ட் எடுத்தா ஜெயிப்பு. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு குச்சி. பாயின்ட் எடுத்தா பின்னாடி நிக்கிற குச்சிய புடுங்கி முன்னாடி நிக்கிற குச்சிய தாண்டி சொருகணும், அப்ப முன்னாடி நின்ன குச்சி போன கணக்குக்கு சாட்சியா அங்கயே நிக்கும். பேப்பரும் வேணாம் பேனாவும் வேணாம், நீ ரெண்டு பாயின்ட் தள்ளி சொருகிட்டன்னு சண்டையும் வேணாம். எனக்கு இது ரொம்ப பிடிச்சுப் போச்சு, பாட்டி இருந்திருந்தா இதையும் ஒரு கை பாத்திருப்பாங்க.

அப்புறம் ஒரு மர இறுக்கி, மேல திருகு வச்சது. பழைய காலத்துல சீட்டுன்னா காகிதத்த அடுக்கு அடுக்கா பசை போட்டு ஒட்டின அட்டை, ஈரக்காத்து பட்டா முறுக்கிக்கும், அதனால ஆடி முடிச்சதும் கட்ட இதுக்குள்ள வச்சு திருகி அழுத்தி வைப்பாங்க. இதுக்கு அவங்க குடுத்திருந்த பேரு "புத்தகம் பைண்டிங் கருவி". அது ஓரளவுக்கு நியாயமான தப்பு, நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

சீட்டுக்கட்டுக்கு வயசு கண்டுபிடிக்கிறது தனி சுகம். மூலையில நம்பரும் ராஜா ராணி எழுத்தும் இருக்கான்னு மொதல்ல பாக்கணும், அது 19ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியிலதான் பரவலா வந்துச்சு. அதுக்கு முன்னாடி சீட்டோட முழு முகத்தையும் பாத்துத்தான் என்னன்னு தெரிஞ்சுக்கணும், ரெண்டு கையாலயும் அகலமா விரிச்சுப் பிடிக்கணும். யோசிச்சுப் பாரு, மூலையில நம்பர் வராம இருந்திருந்தா பாட்டியோட பிரஷ்ஷுல 13 சீட்டையும் நெருக்கமா சொருகி என்ன புண்ணியம், ஒன்னு ஒன்னா எடுத்துப் பாத்துட்டே இருக்கணும். அந்த குட்டி நம்பர் ஒத்த கைக்காரங்களுக்கு எவ்ளோ பெரிய உபகாரம்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

அடுத்தது இஸ்பேட் ஆஸ். மத்த ஆஸெல்லாம் சாதாவா இருக்க இது மட்டும் ஏன் இவ்ளோ பூ வேலையோட இருக்குன்னு நீ சின்னப்புள்ளையில கேட்ட, நான் "அது பெரிய ஆளு"ன்னு ஏதோ சொல்லி சமாளிச்சேன். சரியான பதில் வரி. இங்கிலாந்துல 1711லயே சீட்டுக்கட்டுக்கு வரி, 1765ல இருந்து இஸ்பேட் ஆஸ மட்டும் அரசாங்கமே அச்சடிச்சு குடுக்கும், அது கட்டுல இருந்தா வரி கட்டியாச்சுன்னு அர்த்தம். யாரும் கள்ளத்தனமா அடிக்கக்கூடாதுன்னுதான் அவ்ளோ பூ வேலை. அதையும் மீறி அடிச்ச ரிச்சர்ட் ஹார்டிங்னு ஒருத்தர 1805ல தூக்குல போட்டாங்க, ஒரு சீட்டுக்காக! அந்த வரிய எடுத்தது 1960லதான். வரி போயும் அலங்காரம் போகல, இன்னிக்கும் கம்பெனிக்காரங்க அதுலதான் தங்க பேரப் போடுறாங்க.

முதுகையும் பாக்கணும். பழைய ஐரோப்பிய சீட்டுல பலதுக்கும் முதுகு வெத்து வெள்ளைதான். நல்ல கெட்டி அட்டை, வீணாக்க மனசு வருமா, கணக்கு எழுதினாங்க, அழைப்பு எழுதினாங்க. ரூசோன்னு பிரெஞ்சு சிந்தனையாளர் இருந்தாரே, அவர் நடந்துக்கிட்டே குறிப்பு எழுதின 27 சீட்டு இன்னும் பத்திரமா இருக்கு. கனடாவுல பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில 1685ல சிப்பாய்களுக்கு சம்பளம் குடுக்க காசு வந்து சேரலன்னு சீட்டு மேல கையெழுத்து போட்டு அதையே பணமா குடுத்துட்டாங்க. எனக்கு ரொம்ப சிரிப்பு வந்தது எதுலன்னா, பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல 1791ல, பறிமுதல் பண்ணின நூலகங்களோட புத்தகங்களுக்கு லிஸ்ட் போட சீட்டோட வெத்து முதுகத்தான் கேட்டலாக் அட்டையா உபயோகிச்சாங்க. இப்ப நான் அட்டையில சீட்டுக்கு லிஸ்ட் போடுறேன், அவங்க சீட்டுல புத்தகத்துக்கு லிஸ்ட் போட்டாங்க.

சரி, உன் பெட்டிக்கு வரேன். சீட்டுக்கட்ட சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கும், பாட்டி பழக்கம் அது. இழுக்காத. பழசாச்சுன்னா ரப்பர் பிசுபிசுன்னு உருகி அட்டையோட ஒட்டிக்கும், அப்புறம் காஞ்சு மொறுமொறுன்னு ஆயிடும், இழுத்தா மேல் காகிதமும் கூடவே உரிஞ்சு வரும். மெதுவா கத்தரிக்கோலால வெட்டு, ஒட்டியிருக்கிறத சுரண்டாம அப்படியே விடு. திரும்ப ரப்பர் போடாத, ஒரு பருத்தி நாடாவால தளர்வா கட்டு. லேமினேட் பண்ணி பத்திரப்படுத்துறேன்னு கிளம்பிடாத தாயே, உன்ன எனக்குத் தெரியும். டப்பாவுல ஒன்னு பாக்க தந்தம் மாதிரி மஞ்சளா இருக்கும், அது தந்தம் இல்ல, செல்லுலாய்டுங்கிற பழைய பிளாஸ்டிக்கோன்னு எனக்கு சந்தேகம், அத மட்டும் தனியா காத்தோட்டமா வை, அது கெட ஆரம்பிச்சா அதுல இருந்து கிளம்புற ஆவி பக்கத்துல இருக்கிற அட்டையையும் இரும்பையும் அரிச்சுடும்.

பிரஷ்ஷ கழுவாத. சோப்பு போட்டு பளிச்சுன்னு ஆக்கி அனுப்பினா எனக்கு வேண்டவே வேண்டாம். முள்ளு நடுவுல ஒரு வகிடு மாதிரி பிரிஞ்சு நிக்கும், வருஷக்கணக்கா சீட்டு சொருகி சொருகி வந்தது, மேல இருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு பேப்பர்ல உனக்கு ஞாபகம் இருக்கிறத எழுது, பாட்டி எந்தப் பக்கம் உக்காருவாங்க, யார் கலைச்சுப் போடுவாங்க, அவங்க ஒத்த கையால கட்ட வெட்டுறது எப்படி, எதுவா இருந்தாலும் சரி. தப்பா இருந்தா நான் திருத்திக்கிறேன். சேகரிப்புல கேட்டுட்டேன், அந்த வில்லு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பிரஷ்ஷ வைக்க சரின்னுட்டாங்க. ஒரு பையன் மட்டும் "சார் பிரஷ்ஷா?"ன்னு ஒரு மாதிரி பாத்தான், நான் 13 சீட்டு கொண்டுவரச் சொல்லி அங்கயே கிடந்த வேற ஒரு பிரஷ்ஷுல சொருகிக் காட்டினேன், அவன் இப்ப என்னவிட ஆர்வமா இருக்கான்.

கடைசியா ஒரு வேலை, சீட்ட எண்ணு. 52ம் ஒரு ஜோக்கரும் இருக்கணும். அதுல கிளாவர் ஏழு அச்சுல வந்தது இல்ல. நெசமான கிளாவர் ஏழு நீ தண்ணியில போட்டு ஊறவச்சு நாசமாப் போச்சு, அடி விழும்னு பயந்து சோப்பு டப்பா அட்டைய வெட்டி ஸ்கெட்ச் பேனாவால நீயே ஒன்னு வரைஞ்சு கட்டுக்குள்ள சொருகி வச்ச. பூ எட்டு இருந்துச்சு, நம்பர் மட்டும் ஏழு. சேகரிக்கிறவங்களுக்கு இந்த மாதிரி கட்டு பைசா பெறாது, எனக்கு அந்தக் கட்டுல அது ஒன்னு போதும். மத்த சீட்டவிட தடிமன் வேற, பிரஷ்ஷுல சொருகினா அது மட்டும் அரை விரல் உசந்து நிக்கும், முதுகுல சோப்பு விளம்பரம் வேற, பாட்டி கையில கிளாவர் ஏழு இருக்குன்னு டேபிள சுத்தி அத்தனை பேருக்கும் தெரியும். அவங்களுக்கும் தெரியும் எல்லாருக்கும் தெரியும்னு. ஆனா ஒருநாளும் உன் சீட்ட மாத்த விடல, நான் புதுக்கட்டு வாங்கிட்டு வந்தப்பகூட பிரிக்காம அப்படியே வச்சுட்டாங்க.

அது இருக்கான்னு பாத்துட்டு ராத்திரியே ஒரு மெசேஜ் போடு. உங்கம்மா அந்த பூ ஏழுதான்னு அடிச்சு சொல்றா, நான் எட்டுன்னு சொல்றேன், பந்தயம் கட்டியிருக்கோம்.

அப்பா