புத்தகக் காட்சிக்குப் போகும் தாய்மாமனுக்கு

அன்புள்ள தம்பி,

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் மூவரையும் நந்தனம் புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டாயாம். வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை. தாய்மாமன் சீர் புத்தகமாக வருகிறது என்றால் எனக்கு ஏன் கசக்கப்போகிறது? ஆனால் உன்னை எனக்குத் தெரியும். உள்ளே நுழைந்ததும் நீ பள்ளி நாட்களில் சோறு தண்ணீர் மறந்து படித்த சரித்திர நாவலின் எல்லாப் பாகங்களையும் வாங்கிப் பெரியவன் தலையில் கட்டிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியவனுக்கு வயது 11. ஆங்கில நாவல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இரண்டே நாளில் முடித்துவிடுகிறான். தமிழ் என்றால் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். இவனைப் போன்ற பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தமிழ் வராது என்று நினைத்துக் காக்கா நரிக் கதையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை. அவனுக்குக் கதை 11 வயதுக்குரியதாக இருக்க வேண்டும், வாக்கியம் மட்டும் சின்னதாக இருக்க வேண்டும். அப்படிக் கிடைப்பது அரிது. எனக்குத் தெரிந்த நல்ல வழி காமிக்ஸ்தான். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும் அதன் பின் வந்த லயன் காமிக்ஸும் எத்தனையோ பேரைத் தமிழ் படிக்க வைத்திருக்கின்றன. பேச்சு பலூனுக்குள் இருப்பது இரண்டு மூன்று வரிதான். புரியாத சொல்லைப் படமே சொல்லிவிடும். 'பொம்மைப் புத்தகம்' என்று நீ முகம் சுளிக்கக் கூடாது.

அட்டையில் '8 முதல் 12 வயது வரை' என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து நான்கு வரி படிக்கச் சொல். வரிக்கு வரி தடுக்கினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைக் காட்டு. 'இதுகூடத் தெரியாதா?' என்று கூட்டத்தின் நடுவே கேட்டுவிடாதே. அதன்பிறகு அவன் தமிழ் அரங்குப் பக்கமே வரமாட்டான்.

நடுவுள்ளவள் கேள்விக்குப் பிறந்தவள். அவளுக்கு அறிவியல், பொது அறிவு என்று தேடுவாய். அங்கேதான் அதிகம் ஏமாற வேண்டியிருக்கும். பழைய புத்தகத்துக்குப் புது அட்டை மாட்டி விற்கிறவர்கள் உண்டு. சூரியக் குடும்பப் பக்கத்தைத் திருப்பிப் பார். கோள்கள் ஒன்பது என்று இருந்தால் வைத்துவிடு. புளூட்டோவை 2006லேயே குறுங்கோள் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். நவக்கிரகம் கோயிலில் ஒன்பதாகவே இருக்கட்டும், வானியலில் எட்டுதான். தமிழ்நாட்டைப் பற்றிய புத்தகமானால் மாவட்டங்களை எண்ணிப் பார். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி முதலானவை பிரிந்தன. 2020இல் மயிலாடுதுறை வந்ததும் மொத்தம் 38 ஆனது. 32 என்று போட்டிருக்கும் புத்தகம் மற்றதை மட்டும் சரியாகவா சொல்லப்போகிறது?

கதைப் புத்தகமானால் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடு. கட்டம் கட்டி 'இக்கதையால் அறியும் நீதி' என்று போட்டிருக்கிறதா? நீதியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஔவையார் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் முயலும் ஆமையும் ஓடி முடித்த பிறகு யாரோ ஒரு வாத்தியார் வந்து பாடம் எடுத்தால், படித்த பிள்ளைக்கு யோசிக்க என்ன மிச்சம்?

கடைக்குட்டிக்கு மூன்று வயது. புத்தகத்தைக் கடித்துத்தான் பார்ப்பாள். கெட்டி அட்டையில் பெரிய படம் போட்டது போதும். பின் அடித்த மெல்லிய புத்தகமானால் பின் நிமிர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கு. நேஷனல் புக் டிரஸ்டின் படப் புத்தகங்கள் விலை குறைவு, படங்களும் நன்றாக இருக்கும். தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற புத்தகங்கள் உண்டு. பாட்டி தமிழைப் படிக்க, அண்ணன் ஆங்கிலத்தைப் படிக்க, இவள் படத்தைப் பார்ப்பாள்.

விலையைப் பற்றிக் கவலைப்படாதே. காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு உண்டு. மூத்த பிள்ளைகள் இருவர் கையிலும் ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்து, 'இது உன் பணம், உன் விருப்பம்' என்று சொல்லிவிடு. மீதியில் நீ உன் விருப்பத்துக்கு வாங்கிக்கொள். நடுவுள்ளவள் ஜிகினா ஒட்டிய இளவரசிப் புத்தகத்தைத்தான் எடுப்பாள். எடுக்கட்டும். நாமிருவரும் பேய்க்கதையைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள், நமக்கு இதைத் தடுக்க ஏது வாய்?

உன் சரித்திர நாவல்களை வாங்காமல் உனக்கு மனசு ஆறாது என்றால் வாங்கி என்னிடம் கொடு. நான் படித்துக்கொள்கிறேன். அத்தானிடம் மட்டும் எவ்வளவு செலவாயிற்று என்று சொல்லாதே.

அன்புடன்,
அக்கா