மாப்பிள்ளையின் பூட்ஸ்

உதகை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கேரட் விலைதான் சரியில்லை. அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து வரும் மாப்பிள்ளை தன் மீன்பிடி சாமான்களோடு அவலாஞ்சி ஓடையில் இறங்கலாமா என்று கேட்டிருந்தாய். தூண்டிலும் ரீலும் தாராளமாக வரட்டும். அடியில் ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) ஒட்டிய பூட்ஸ் மட்டும் வேண்டாம்.

காரணம், சுழல் நோய். டிரவுட் மீன்களுக்கு வரும் ஒட்டுண்ணி நோய்; பூட்ஸில் ஒட்டிய சேற்றோடு வந்துவிடும். அங்கே மேடிசன் ஆற்றில் 1994-ல் அதைக் கண்டுபிடித்தபோது சில பகுதிகளில் ரெயின்போ டிரவுட் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தொற்றாது. ஒட்டுண்ணியின் வித்து சேற்றில் கிடக்கும்; டியூபிஃபெக்ஸ் புழு அதை விழுங்கும். புழுவின் குடலில் சுமார் மூன்று மாதம் இருந்து, மூன்று கை விரித்த வேறு உருவில் தண்ணீருக்கு வரும். மீன்குஞ்சின் தோலில் ஒட்டி, நரம்பு வழியே ஏறி, தலையிலும் முதுகிலும் உள்ள குருத்தெலும்பைத் தின்னும். வால் கறுக்கும்; இரையெடுக்கப் போகிற குஞ்சு நேரே போக முடியாமல் வட்டமடிக்கும். செத்து அழுகினால் வித்துகள் மறுபடி சேற்றுக்கே. எலும்பு முற்றிய மீன் தப்பிக்கும், ஆனால் வித்தைச் சுமக்கும்.

ஓடையில் புகுந்துவிட்டால் மருந்து கிடையாது. 10 முதல் 15 டிகிரித் தண்ணீர் அதற்குத் தோது. நம் ஓடைகளுக்குச் சொல்லவே வேண்டாம். போதாததற்குத் தோட்டத்து மண் மழையில் இறங்கிப் படிகிறது, புழுவுக்குக் கொண்டாட்டம். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் வந்ததிலிருந்து நம்மிடம் உள்ளதும் ரெயின்போதான். பிரவுன் டிரவுட் இவ்வளவு வாடாது.

ஓடையில் இறங்கும்போது போடும் நீர்புகாக் கால்சட்டையை (வேடர் என்பார்கள்) அங்கேயே பிரஷ் போட்டுச் சேறு போகத் தேய்க்க மாப்பிள்ளையிடம் சொல். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ப்ளீச் 100 மில்லி, அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) குளோரின். 15 நிமிடம் ஊறட்டும். சேற்றோடு முக்கினால் குளோரின் சேற்றிலேயே செலவாகிவிடும். நாள்பட்ட பாட்டிலும் வீரியம் இருக்காது. அலசி, நன்றாகக் காயவைக்கட்டும். ஃபெல்ட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது: சேறு உள்ளே ஊறிக்கிடக்கும், நம்மூர் மஞ்சில் காயவே காயாது.

உன் பண்ணை நண்பரிடமும் சொல். முட்டை வழியாக இது பரவாது; உயிர்மீனைக் கொண்டுவருவதில்தான் வினை. அலங்கார மீன் கடையில் விற்கும் டியூபிஃபெக்ஸை டிரவுட் குஞ்சுக்குப் போடவே கூடாது. மண் தொட்டியைவிட சிமெண்ட் தொட்டி நல்லது, அடியில் வண்டல் சேராமல் கழுவலாம். குஞ்சு சுழன்றாலே இந்த நோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். தலையின் குருத்தெலும்பை ஆய்வகத்தில் கரைத்து நுண்ணோக்கியில் வித்தைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் அடி பூட்ஸ் என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. மாப்பிள்ளையின் கால் அளவை எழுது.

அன்புடன்,
மணி